நடைவேகத்தில் ஓர் ஆஸ்டின்

செஞ்சியில் ரசூலிடம் யாராவது வழி கேட்டால் அவன் மரத்தைத்தான் சொல்லுவான். "வல்லத்துக்கா? போய்க்கினே இரு. மூணு இலுப்பை ஒண்ணா நிக்கும். நடுவுல இருக்கிறது கொஞ்சம் கூனியிருக்கும். அங்க சோத்துக்கைப் பக்கம் திரும்பு" என்பான். கடைப் பலகையோ பஸ் நிறுத்தமோ மைல் கல்லோ அவன் வாயில் வராது. மீசை முளைப்பதற்கு முன்பே லாரியில் கிளீனராகச் சேர்ந்து, தார்ப்பாயின் மேல் மல்லாந்து படுத்தபடி திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போய் வந்தவன் அவன். அவனுக்குச் சாலை என்பது தலைக்கு மேலே ஓடிய கிளைகள்தான். புளியமரங்களுக்கு நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளையடித்துக் கறுப்பில் எண் போட்டிருந்தார்கள். ரசூல் அந்த எண்களைப் பார்த்ததே இல்லை. தாழ்ந்த கிளையால் முகத்தில் அறைந்த மரம், காக்காய்கள் கூடுகிற மரம், இடி விழுந்தும் பாதியில் துளிர்த்த மரம் என்று அவனுக்குத் தனிக் கணக்கு இருந்தது.

நாற்பதை நெருங்கும்போது திண்டிவனம் சாலையில் ஆதிமூலம் என்பவருடைய பட்டறையில் டிங்கராக இருந்தான். நசுங்கிய மட்கார்டைத் தட்டி நிமிர்த்துவது, துருவேறிய கதவின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது, இதுதான் வேலை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் மட்டும் பட்டறைப் பக்கம் போக மாட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு ஊருக்குக் கிளம்பிவிடுவான், பழைய கார் தேடி.

ஓடாமல் போன காரை யாரும் இனி ஓடாது என்று சொல்லி நிறுத்துவதில்லை. அடுத்த அறுவடை முடியட்டும், சரி பண்ணிக்கொள்ளலாம் என்று நிழல் பார்த்து நிறுத்துவார்கள். அப்புறம் அறுவடைகள் வந்து வந்து போகும். கார் அப்படியே நிற்கும். அதனால் ரசூல் ஓர் ஊருக்குள் நுழைந்தால் முதலில் பெரிய மரம் எது என்றுதான் பார்ப்பான். வல்லத்தில் இலுப்பைக்கு அடியில் ஒரு மோரிஸ் மைனர் கிடைத்தது. அதற்குள் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. வேறு எங்கே விட்டாலும் அவை முட்டையிடாது என்று வீட்டுக்காரம்மா கதவைத் திறக்கவே விடவில்லை. மண்டகப்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேம்பின் கீழே சக்கரம் இல்லாத ஜீப் இருந்தது. அடுத்த வாரம் போனபோது பழைய இரும்புக்காரன் அள்ளிப் போயிருந்தான். சிங்கவரம் மலையடியில் விளாமரத்தின் கீழே நின்ற கார் நிறைய வைக்கோல். அதன் சொந்தக்காரர் பம்பாயில் இருந்தார். கார் கைக்கு வராவிட்டாலும் மரம் ரசூலின் மனதில் தங்கிவிடும். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் இறங்கி, அந்த மரத்தடியில் ஒரு பீடி குடித்துவிட்டுத்தான் கிளம்புவான்.

"காரைத் தேடிப் போறீங்களா, மரத்துக்குப் பொண்ணு பார்க்கப் போறீங்களா?" என்று கேட்பாள் அவன் மனைவி முன்னி. தையல் மெஷினில் மிதித்துக்கொண்டே கேட்பாள். தலை நிமிராது.

அவளுக்குக் கேட்க உரிமை இருந்தது. அவன் தேடியது எந்தக் காரையும் அல்ல. மூடி திறக்கிற கார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடுகிற கார். அவர்கள் நிக்காஹ்வுக்குத் திண்டிவனத்திலிருந்து அப்படி ஒரு கார் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. அது தீவனூர் தாண்டும்போது அச்சு முறிந்து படுத்துவிட்டது. மாப்பிள்ளை முகத்தில் தொங்கும் பூச்சரத்தை விலக்கி விலக்கிக்கொண்டு, பள்ளிவாசலிலிருந்து பெண் வீட்டுக்கு நடந்து வந்தான். திரும்பும்போது புதுப் பெண்ணும் நடந்தாள். சித்திரை வெயில். புதுச் செருப்பு கடித்த தழும்பு முன்னியின் குதிகாலில் இன்னும் இருந்தது. சண்டை வரும்போதெல்லாம் அவள் காலை நீட்டி அதைக் காட்டுவாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"நம்ம ஊருக்குன்னு ஒரு ஊர்வலக் காரு இருந்தா, எந்தப் பொண்ணும் நடக்க வேணாம் பாரு" என்று ரசூல் ஒருநாள் சொன்னான். பட்டறையில் பிறத்தியார் காரைத் தட்டிக்கொண்டே தலை நரைத்துவிடும் என்ற பயம் அவனுக்கு வந்திருந்தது. சொந்தமாக ஒன்று, ஒரே ஒன்று, முழுசாக. அதற்குத்தான் இத்தனை சைக்கிள் மிதி.

1985-இல், மார்கழி முடியப்போகும் ஒரு நாளில், மேல்சித்தாமூரில் ஒரு டிராக்டரின் மட்கார்டை ஒட்டிக்கொடுக்கப் போனான். வேலை முடிந்து, கட்டிவந்த சோற்றைத் தின்ன நிழல் தேடினான். மணிலாக் கொட்டை காயவைக்கும் களத்துக்குப் பின்னால் ஒரு நாவல் மரம் தெரிந்தது. அதன் கீழே கோவைக்கொடி ஒரு பெரிய மேடாக மூடிக் கிடந்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தவனின் கண்ணில் கொடிக்குள்ளே ஏதோ மின்னியது. கையை விட்டுப் பார்த்தான். வளையம். பித்தளை. விளக்கின் வளையம்.

சோறு அப்படியே கிடந்தது. கொடியை அள்ளி அள்ளிப் பிய்த்தான். இடையில் நீட்டிக்கொண்டிருந்த நாவல் கிளைகளை ஒடித்துப் போட்டான். நீளமான மூக்கு, கண்ணாடி இல்லாத முன்சட்டம், நாராகத் தொங்கிய கான்வாஸ் மூடி. ஆஸ்டின். நாலு பேர் உட்காரும் திறந்த கார். பின்பக்கம் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாவல் மரம் காருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. காருக்குள்ளே நின்றது. பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில், தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு, தவில் பருமனுக்கு மேலே போயிருந்தது.

"யாருய்யா அது? இன்னிக்கு இன்னா நாளு தெரியுமா?"

களத்து ஓரத்தில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரர், சீதளநாத நைனார் என்ற சமணர். ரசூலின் காலடியில் கிடந்த பச்சைத் தழையைப் பார்த்து அவருக்கு மூச்சு வாங்கியது.

"சதுர்த்தசி! எங்க வூட்ல ஒரு கறிவேப்பிலை கிள்ள மாட்டாங்க இன்னிக்கு. நீ ஒரு வண்டித் தழையை ஒடிச்சுப் போட்டு வச்சிருக்கற!"

"ஐயா, தெரியாமப் பண்ணிட்டேன். கார் ஒண்ணு..."

"காரும் இல்ல, தேரும் இல்ல. போ."

ரசூல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டும்போது பின்னால் ஒரு பெண் வேகமாக வந்தாள். பெரியவரின் மூத்த மகள் ஜெயமாலா. கணவர் தவறிய பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து நிலத்தைக் கவனித்துக்கொண்டிருப்பவள். கையில் அவன் விட்டுவந்த சோற்றுப் பொட்டலம்.

"சாப்பாட்டை வுட்டுட்டுப் போறீங்களே பாய். எறும்பு மொய்ச்சிடும், அப்புறம் அதுக்கும் நைனா வருத்தப்படுவாரு." அவள் சிரித்தாள். "காரு வேணும்னா நாளன்னிக்கு வாங்க. நாளு நல்லாருக்கும், அவரு கோவமும் ஆறியிருக்கும்."

அவன் மறுநாளே போய் நிற்க ஆசைப்பட்டான். முன்னிதான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

சொன்ன நாளில் போனபோது பெரியவர் கோபமாக இல்லை. ஆனால் இறங்கியும் வரவில்லை. கார் அங்கே நின்ற கதையைச் சொன்னார். அவருடைய அப்பா வாங்கிய கார் அது. ஒருநாள் ஏரிக்கரையில் வரும்போது குறுக்கே ஓடிய ஆட்டுக்குட்டி சக்கரத்தில் அகப்பட்டுச் செத்துப்போனது. அவர் அங்கேயே இறங்கி நடந்து வீட்டுக்கு வந்தார். மாடு பூட்டிக் காரை இழுத்துவந்து தோட்டத்தில் நிறுத்தினார்கள். அன்றும் மறுநாளும் அவர் பட்டினி. இந்த வண்டி இனிமேல் ஓர் உயிரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். விற்றால் வேறொருவன் ஓட்டுவான், அவன் ஏற்றிக் கொன்றால் அந்தப் பாவமும் இந்த வீட்டு வாசலுக்குத்தானே வரும்? அதனால் விற்கவும் இல்லை.

"எத்தினியோ பேர் கேட்டுட்டாங்க. நான் குடுக்கல" என்றார் நைனார். "வேகமா ஓடற பொருளு. யார் கையில குடுத்தாலும் உயிர் போகும்."

ரசூல் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஐயா, மாப்பிள்ளை ஊர்வலம் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம?"

"அதுல காரு இன்னா வேகத்துல போவும்?"

பெரியவர் மேல்துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார்.

"நாயனக்காரரு முன்னாடி நடப்பாரு. அவரு நின்னா காரு நிக்கும். கெழவிங்க நடந்து காரைத் தாண்டிப் போயிடுவாங்க. நடையைத் தாண்டி இந்தக் காரு ஒரு நாளும் ஓடாதுங்க. நான் உயிரோட இருக்கிற மட்டும் ஓடாது."

ஜெயமாலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நைனார் நெடுநேரம் நாவல் மரத்தைப் பார்த்தார். அப்புறம், "சரி. ஆனா மரம் ஆடக் கூடாது" என்றார்.

"அது என் மரம்" என்றாள் ஜெயமாலா, சிரிப்பு அடங்கிய குரலில். "சின்னப் புள்ளையில நான் வெளையாடின வீடே இந்தக் காருதான். கூடையில நாவப்பழத்தை வச்சுக்கினு பின்சீட்ல உக்காந்து தின்னுவேன். கொட்டையை அங்கியே துப்புவேன். 'சீட்டெல்லாம் கறை பண்ணிட்டியே'ன்னு அம்மா அடிப்பாங்க. அதுல ஒண்ணு மொளைச்சுடுச்சு. நான் கட்டிக்கினு போயி, திரும்பி வரும்போது அது என்னை வுட ஒசரமா இருந்துச்சு. ஒரு கொப்பு கூட வெட்டக் கூடாது பாய். வேரும்தான். மரத்தை வுட்டுட்டு காரை எடுக்க முடிஞ்சா, எடுத்துக்குங்க."

விலை என்று அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. களத்துக் கொட்டகையின் தகரக் கூரை ஓட்டை, அதை மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார்கள். ரசூல் காரின் கீழே படுத்து, கையால் அளந்து, எழுந்து, மறுபடியும் படுத்துப் பார்த்தான். அடிச்சட்டத்தின் இரண்டு நீளக் கம்பிகளுக்கும் நடுவே மரம் அழகாக ஏறியிருந்தது. பின்னால் அச்சு, குறுக்குச் சட்டம், வால் தகடு. முன்னால் என்ஜின். எந்தப் பக்கம் இழுத்தாலும் மரம் தடுக்கும். மரம் காரின் பின்புறத்தைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தது, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டதைப் போல.

பட்டறையில் ஆதிமூலம் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "அடியில பெட்ரோல் ஊத்து. மரம் தானா பட்டுப்போவும். யாருக்குத் தெரியப் போவுது?"

ரசூலுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்தான்.

"இன்னாத்துக்கு இப்படி எழவு வூட்ல மாதிரி?" என்றாள் முன்னி.

"மரத்தை வெட்டினா அந்தம்மா குடுக்காது. எனக்கும் மனசு வராது. வேற வழி, காரை வெட்டணும். இத்தினி வருஷமா தேடி முழுசா ஒரு காரு கெடைச்சிருக்குது. அதைப் போயி நானே ரெண்டாப் பொளக்கறதா?"

முன்னி தன் இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். போன வருஷம் கை வீங்கியபோது கழற்ற முடியாமல் போன வளையல் அந்தக் கையில்தான் இருந்தது. தட்டானிடம் போய் அறுத்து எடுத்தார்கள். ஒட்டிப் போட்ட இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு.

"அன்னிக்கு வளையலை அறுத்தாங்களா, கையை அறுத்தாங்களா?"

ரசூல் பார்த்தான்.

"ஒட்டின வளையலைத்தான் போட்டுக்கினு இருக்கறேன். எந்தச் சிறுக்கி வந்து கேட்டா இது முழுசா இல்லியேன்னு? வெட்டி ஒட்டறதுதானே உங்க பொழப்பு. ஊரான் காருன்னா வெட்டுவீங்க, உங்க காருன்னா வலிக்குதா?"

அன்று இரவு அவன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

தை பிறந்ததும் வேலை தொடங்கியது. காஸ் வைத்து வெட்டினால் அரை நாளில் முடியும். ஆனால் அந்தச் சூடு மரப்பட்டையில் பட்டால் வெந்துவிடும். அதனால் ஹாக்ஸா பிளேடால் கையாலேயே அறுத்தான். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே ஈரச் சாக்கைத் திணித்துக்கொண்டு, பிளேடு பக்கம் திரும்பாமல் பார்த்துப் பார்த்து அறுத்தான். பிளேடுகள் ஒடிந்துகொண்டே இருந்தன. ஜெயமாலா மோர் கொண்டுவருவாள். வேலை எதுவரை வந்தது என்று குனிந்து பார்ப்பாள், மரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள், போவாள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்கு முன்பே வீட்டுக்குள்ளிருந்து பெரியவருக்குச் சாப்பாட்டு அழைப்பு வரும். கூடவே, "பாய்க்கும் இலை போட்டாச்சு" என்று ஒரு குரல் வரும். பட்டப்பகலில் ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவன் சைக்கிளில் ஏறுவான்.

ஒரு பக்கத்தில் தரைத் தகட்டின் விளிம்பை மரம் விழுங்கியிருந்தது. பட்டை உதட்டைப் போல அதன் மேல் மூடிக்கொண்டிருந்தது. ரசூல் அந்த இடத்தைச் சுற்றி அறுத்து, விழுங்கியதை மரத்துக்கே விட்டுவிட்டான்.

பின் அச்சைக் கழற்றியாகிவிட்டது. குறுக்குச் சட்டமும் வால் தகடும் நடுவில் பிளந்துவிட்டன. கார் இப்போது பின்பக்கம் திறந்த சட்டையாக நின்றது. சவுக்குக் கட்டைகளை உருளையாகப் போட்டு, முன்னால் ஒரு ஜோடி மாட்டைப் பூட்டினார்கள். சாய்ந்துவிடாமல் மரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மாடு இழுத்தது. கார் முனகியது. ஒரு முழம் வந்தது. அப்புறம் சட்டென்று மொத்தமாக விடுபட்டு முன்னால் வந்தபோது மரம் உச்சி வரை ஒருமுறை சிலிர்த்தது. பழுத்த இலைகள் எல்லார் தலையிலும் கொட்டின. ஜெயமாலா கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தபோது மரம் நின்றிருந்தது. இடுப்பில் ஒரு தகட்டுத் துண்டோடு, நேராக நின்றிருந்தது.

நைனார் மரத்தையும் சுற்றி வந்தார், காரையும் சுற்றி வந்தார். "சின்னவ சந்தனாவுக்கு ஆனியில கல்யாணம் வச்சிருக்குது. மாப்பிள்ளை அழைப்புக்கு இதுதான் வரணும். மொத ஊர்வலம் இந்த வாசல்லதான்" என்றார்.

ரசூலுக்கு அன்றைக்கு சைக்கிள் பெடல் காலில் தட்டுப்படவே இல்லை.

பட்டறையின் பின்புறம் நாலு மாதத்துக்கு மேல் கார் கிடந்தது. பகலில் ஊரார் வேலை, அது முடிந்ததும் இந்த வேலை. அறுத்ததையெல்லாம் ஒட்டினான். டயர் வண்டிக்காரன் ஒருவனிடம் பேசி, மாட்டுவண்டிக்கு மாட்டியிருந்த பழைய கார்ச் சக்கரங்களை வாங்கி மாட்டினான். காரிலிருந்து வண்டிக்குப் போன சக்கரம் திரும்பக் காருக்கே வந்தது என்று பட்டறையில் சிரித்தார்கள். என்ஜின் மட்டும் இரும்புக் கட்டியாக இறுகிப் போயிருந்தது. ஆனி நெருங்கியபோதும் அசையவில்லை.

"தள்ளிக்கினு போங்களேன். நடைவேகத்துக்கு மேல ஓட்ட மாட்டேன்னு சத்தியம் வேற பண்ணியிருக்கீங்க. அதுக்கு என்ஜினு இன்னாத்துக்கு? மாப்பிள்ளையோட சினேகிதனுங்க இருக்கானுங்க, தள்ளட்டும்" என்றாள் முன்னி.

பெயின்ட் அடிக்க நாள் போதவில்லை. முன்பாதிக்கு மட்டும் நல்ல மெரூன் நிறம் ஏற்றினான். பின்பாதி முழுக்கச் செங்காவிப் பூச்சிலேயே நின்றது. ஒட்டின இடமெல்லாம் தழும்பாகத் தெரிந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. அவன் பார்த்த மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிளம்புவது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் மூக்கே சரியாகத் தெரியாது, காரின் வால் யாருக்குத் தெரியும்? பின்புறத்துக்கென்று சீரியல் பல்பு மாலைகளை வாடகைக்கு எடுத்துக் கட்டிவைத்தான்.

அழைப்பன்று விடியற்காலையிலேயே மாட்டு வண்டிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கல்யாணத்துக்கு அழைத்திருந்ததால் முன்னியும் வண்டிக்காரர் கலியபெருமாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். மேல்சித்தாமூர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஜெயமாலா ஓடிவந்தாள்.

"நல்ல வேளை, வந்துட்டீங்க. நாலு மணிக்குக் கிளம்பணும் பாய்."

"சாயங்காலம் நாலா?"

"ஆமா. பொழுது சாயறதுக்குள்ள பந்தி முடியணுமே. இருட்டிட்டா எங்க ஜனத்துல யாரு இலையில உக்காருவாங்க?"

ரசூல் பல்பு மாலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். தை மாதம் முழுக்க இந்த வீட்டில் வெளிச்சம் இருக்கும்போதே ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டவன் அவன். கையலம்ப வெந்நீர் கூட எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இருட்டில் சாப்பிட்டால் பூச்சி அகப்பட்டுச் சாகும் என்பதற்குத்தான் அந்த வழக்கம் என்றும் தெரியும். அது ஊர்வலத்தையும் பகலுக்கு இழுத்துவரும் என்று மட்டும் தோன்றவே இல்லை. ஆனி மாத வெயில் காரின் பின்பாதியில் விழுந்து ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியாகக் காட்டியது.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஊரிலிருந்த சமண மடத்து வாசலில் இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜினதாஸ், பட்டு அங்கவஸ்திரக்காரர், காரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார்.

"இது இன்னாங்க இது? முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி ஆஸ்பத்திரியில படுத்தவன் மாதிரி இருக்குது. ஒடம்பெல்லாம் தையலு!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "திண்டிவனத்துக்கு ஆள் அனுப்புங்க. ஒரு மணி நேரத்துல அம்பாசடர் வந்துடும்."

"பூவைப் போட்டு மூடிடலாம்" என்று முன்னி காதருகே சொன்னாள். "என் போர்வையைப் போட்டு..."

"வேணாம்" என்றான் ரசூல். ஊர் பார்க்கிற முதல் நாளே இப்படித் திரும்பிப் போனால், அப்புறம் செஞ்சியில் எவன் தன் வீட்டு விசேஷத்துக்கு இந்தக் காரைக் கூப்பிடுவான்? பல்பு மாலைகளை அவிழ்க்கத் தொடங்கினான். "யம்மா, அம்பாசடரே வரட்டும்மா. உங்க வூட்டு விசேஷம், சிரிப்பா சிரிக்க வேணாம்."

ஜெயமாலா உள்ளே போனாள். அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

நைனார் ஜினதாஸைப் பார்க்கவில்லை. குனிந்து, காரின் வாலிலிருந்து தரைத் தகடு வரை ஓடிய பற்றவைப்புத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே வந்தார். பின்சீட்டின் கீழே வட்டமாக ஒரு புதுத் தகடு இருந்தது. அங்கே விரல் நின்றது.

"இது மரம் இருந்த எடமா?"

"ஆமாங்க."

"மரத்துல எத்தினி வெட்டு?"

"ஒண்ணும் இல்லீங்க. அம்மாவைக் கேளுங்க."

"அப்போ மரத்துக்குப் பட வேண்டியதெல்லாம் இது வாங்கிக்கினு இருக்குது." அவர் நிமிர்ந்தார். ஜினதாஸிடம் சாதாரணக் குரலில், "மச்சான், எங்க நைனா காலத்துல ஒரு உயிரை எடுத்த காரு இது. இத்தினி வருஷம் கழிச்சு ஒரு உயிரை வுட்டுக் குடுத்துட்டு வந்திருக்குது. என் பொண்ணுக்கு இதுதான். உங்களுக்கு அம்பாசடர் வேணும்னா வரவழைக்கறேன், நீங்க அதுல வாங்க" என்றார்.

மாப்பிள்ளைப் பையன்தான் முதலில் அசைந்தான். மின்வாரியத்தில் வேலை, கண்ணாடி போட்டவன். "எந்த மரம் சார்?" என்று கேட்டான். ஜெயமாலா களத்துப் பக்கம் கையைக் காட்டினாள். கூரைக்கு மேலே நாவல் மரம் தெரிந்தது. அவன் அதையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கதவைத் திறக்கப் போனான்.

"அது தொறக்காதுங்க" என்றான் ரசூல் அவசரமாக. "மேல ஏறித்தான் குதிக்கணும்."

மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிக் குதித்து, அந்த வட்டத் தகட்டின் மேல் காலை வைத்து உட்கார்ந்தான். பெண்கள் சிரித்துக் குரவையிட்டார்கள். நாயனம் தொடங்கியது. சினேகிதர்கள் தோள் கொடுத்தார்கள். ரசூல் ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஆஸ்டின் தெருவில் இறங்கியது. சுற்றி வந்த கிழவிகள் அதைத் தாண்டி முன்னால் போனார்கள். நாவல் மரத்துக்கு நேரே வந்தபோது யாரும் சொல்லாமலே நாயனக்காரர் நின்று ஒரு நீண்ட இழைப்பு இழைத்தார். மரம் நிறையப் பழம். ஒரு காக்காய் கொத்திப் போட்டது நேரே ஜினதாஸின் அங்கவஸ்திரத்தில் விழுந்தது. கறை போகாது என்று ஜெயமாலாவுக்குத் தெரியும்.

கடைசிப் பந்தியின் கடைசி இலை எடுத்தபோது மலையுச்சியில் வெளிச்சம் மிச்சமிருந்தது. வல்லத்திலிருந்து வந்திருந்த ஒருவர் ரசூலிடம் வந்தார். "ஆவணியில என் பையனுக்குக் கல்யாணம். இந்த வண்டி வருமா?"

"வரும்" என்றான் ரசூல். "பகலா, ராத்திரியா? அதை மொதல்ல சொல்லுங்க."

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, சாப்பிட்டு, வண்டி பூட்டினார்கள். கலியபெருமாளுக்குப் பக்கத்தில் ஏறப்போன முன்னியை ரசூல் நிறுத்தினான்.

"அங்க இல்ல. இங்க."

"இன்னா இங்க?"

"பின்சீட்ல."

"பைத்தியமா? ஊரு பாக்கும்."

"பாக்கட்டும்னுதான்."

அவள் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். அவன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். முன்னே மாடுகள் நடந்தன. காரும் நடந்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாக மெல்ல வந்து மெல்லப் போயின. இந்தக் கிளைதான் என் மூக்கை உடைத்தது, இந்தப் பொந்தில்தான் கிளி இருக்கும் என்று அவன் திரும்பாமலே சொல்லிக்கொண்டு வந்தான். அவள் முதலில் உம் கொட்டவில்லை. அப்புறம் கொட்டினாள். இடி விழுந்து பாதியில் துளிர்த்திருந்த மரம் வந்தபோது, "இது எனக்கு" என்றாள்.

பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. கலியபெருமாள் திரும்பிப் பார்த்தார்.

"அடிக்கட்டும், நீ ஓட்டுய்யா" என்றாள் முன்னி. "பொண்ணு இப்பதான் போய்க்கினு இருக்குது."